இரண்டு லென்ஸ், ஒரு முத்து

எங்கள் கல்யாணப் படத்தில் என் மனைவியின் வகிடு மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. நெற்றிச்சுட்டியில் ஒரு கல் உதிர்ந்த இடம், பூச்சரத்தின் முடிச்சு எல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம். முகம் மட்டும் இல்லை. மணப்பெண் குனிந்த தலை நிமிரக் கூடாது என்பது அவள் ஊர் வழக்கம். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் அது. பெண்ணுக்குப் பின்னால் பெரியம்மா முறையில் ஒருத்தி நின்றுகொண்டு, தலை கொஞ்சம் நிமிர்ந்தாலும் உச்சியில் விரலை வைத்து அழுத்துவாள். அந்த விரல்கூடப் படத்தில் இருக்கிறது. பக்கத்தில் நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கேமராவை முறைக்கிறேன். எடுத்தவன் வைத்த வெளிச்சம் தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அந்தக் கடுப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது.

படம் எடுப்பது என் தொழில். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் போட்டோகிராபராக இருந்தேன். அந்தப் பத்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான சிப்பிகளை எடுத்திருக்கிறேன். என் மனைவியின் முகத்தை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படி அப்படி ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை சிறிய பொருளைப் பெரிதாகக் காட்டுவது. முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். சங்கு குளிக்கிறவர்கள் பாரிலிருந்து சிப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன் ஓட்டில் வருஷத்துக்கு வருஷம் விழுகிற கோடுகள், ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சீரகம் அளவுக் குஞ்சுச் சிப்பி, உள்ளே சதையில் உறுத்திக்கொண்டிருக்கும் துகள், இதையெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளப்பார்கள். கோடு கொஞ்சம் கலங்கியிருந்தாலும் படம் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்தால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. வீட்டில் அன்றைக்கு எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எல்லாரும் என்றால் அவள் ஒருத்திதான். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்தக் கூடம் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி போனால் மேசை அதிரும், மேசைமேல் சிப்பி அதிரும், படம் போச்சு. கிட்டக்க வைத்து எடுக்கும்போது வெளிச்சம் குறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை ஐந்து வினாடி, எட்டு வினாடி திறந்துவைக்க வேண்டியிருக்கும். அதனால் லாரிச் சத்தம் தூரத்தில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நல்ல படமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் எடுத்ததுதான். அன்று லாரி குறைவு.

இன்னொரு எதிரி கடற்காற்று. அந்த ஊரில் லென்ஸை ஒரு மாதம் சும்மா வைத்தால் கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிடும். சிலந்திவலை போல ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடும். அதற்கு என் மனைவி ஒரு வழி வைத்திருந்தாள். அவள் ஊரில் உப்புச் சாடிக்குச் செய்வதுதான். புழுங்கலரிசியை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறியதும் துணியில் கிழியாகக் கட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்து மூடுவாள். ஞாயிறுக்கு ஞாயிறு புது அரிசி வறுப்பாள். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும். கூடத்தில் இருந்த மற்றவர்களின் கருவிகளில் பூசணம் ஓடியது, என் லென்ஸுகளில் ஓடவில்லை. இதற்காக அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் கேட்காமல் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், ஆபீஸ் கேமராவை வீட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"என்னைய ஒரு படம் எடுத்துத் தாங்களேன். அம்மா பாக்கணும்ங்கா. கல்யாணப் படத்துல மூஞ்சியே தெரியல்லலா."

"இந்த லென்ஸ் மொகத்துக்கு ஆவாது. மூக்கு பெருசா விழும்" என்றேன்.

உண்மைதான். அந்தக் கேமராவில் இருந்த சாதா லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு புடைத்துக் காது சிறுத்துவிடும். தள்ளி நின்று எடுத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாமலா? எடுத்தால் குறை சொல்ல முடியாத படமாக எடுக்க வேண்டும் என்ற வீம்பு. அடுத்த முறை கேட்டபோது வெளிச்சம் சரியில்லை என்றேன். அதற்கடுத்த முறை, "நல்ல மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வரப்போவுது. சிப்பிக்கும் ஆவும், மொகத்துக்கும் ஆவும். அது வரட்டும், மொதப் படம் ஒன்னையத்தான்" என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. லென்ஸ் வருகிறதா என்று மட்டும் அவ்வப்போது விசாரிப்பாள்.

வந்தது இரண்டு லென்ஸ். முதலில் வந்தது பழையது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவர், எனக்குப் பழக்கம். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர் ஊர் முறைப்படி காக்கா என்று கூப்பிடுவேன். ஏதோ ஒரு ஐரோப்பியத் துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் கண்டதாகச் சொல்லி, யுத்தத்துக்கு முந்தைய ஜெர்மன் லென்ஸ் ஒன்றைத் துருத்தியோடு வாங்கி வந்திருந்தார். துருத்தி என்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற மடிப்புத் தோல் குழாய். இழுக்க இழுக்கப் பொருள் பெரிதாகும். "நான் வளைகுடாவுக்குப் போறேன் தம்பி. திரும்பி வாறவரைக்கும் நீங்க வச்சுப் பழகுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். பித்தளை உடம்பு, கையில் எடுத்தால் நல்ல கனம்.

மூன்று மாதம் கழித்து, சென்னையில் ஒரு வியாபாரி கிட்டக்க வைத்து எடுக்கிற புது ஜப்பான் மேக்ரோ லென்ஸ் ஒன்றைப் பதினைந்து நாள் சோதித்துப் பார்க்க அனுப்பிவைத்தார். எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பழையதை வைத்துக்கொண்டே ஓட்ட முடியுமா, புதியது கட்டாயம் வேண்டுமா, இரண்டையும் ஒப்பிட்டு எழுதிக் கொடு என்றார். ஒப்பிடுவதற்கு முத்தைவிடக் கடுமையான பொருள் கிடையாது. சிப்பியில் செய்த பிழையை மறைக்கலாம், முத்தில் முடியாது. அதிகாரியின் பெட்டியில் பழைய சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், கிடைத்த முத்து ஒன்று மருந்துக் குப்பிக்குள் பஞ்சில் இருந்தது. மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

முத்தை எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. அது உருண்டைக் கண்ணாடி. அறையில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். ஜன்னல் தெரியும், கேமரா தெரியும், கேமராவுக்குப் பின்னால் குனிந்திருக்கும் ஆள் தெரிவான். கறுப்பாக எது இருந்தாலும் முத்தின் மேல் கறையாக விழும். அதனால் பக்கவாட்டில் ஒருவர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"புது லென்ஸ் வந்துட்டு. ஞாயித்துக்கெழம சோதிக்கணும். நீயும் வா" என்று அவளிடம் சொன்னேன்.

காலை பத்து மணிக்கு நான் கூடத்தில் எல்லாம் எடுத்துவைத்த பிறகு அவள் வந்தாள். கல்யாணப் பட்டு உடுத்தியிருந்தாள். அரக்கு நிறம், மாம்பழக் கரை. தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள்.

"இது என்னத்துக்குப் பட்டு?" என்றேன்.

"சும்மாதான்."

"அரக்குக் கலரு முத்துல கறுப்பா விழும்லா. மேல இந்த வேட்டியச் சுத்திக்கோ."

அவள் வேட்டியை வாங்கிக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். பிறகு தலையைத் தொட்டுக் காட்டி, "பூ?" என்றாள்.

"பூ வெள்ளதான். இருக்கட்டும்."

நான் வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது. புது லென்ஸ் வந்துவிட்டது, வா என்று சொன்னால் எதற்கு என்று நினைத்திருப்பாள்? அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முத்தைக் கறுப்பு வெல்வெட்டில் ஒரு துளி மெழுகில் ஒட்டினேன். அவளை ஜன்னலுக்குப் பக்கத்தில், எனக்கு இடப்புறம் கொஞ்சம் பின்னால் நிறுத்தினேன். இரண்டு கையாலும் துணியை மார்புக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

"நான் எங்க பாக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. குனிந்த தலை நிமிராமல், "நீ எங்கயும் பாக்க வேண்டாம். துணிய ஆட்டாமப் பிடி, அது போதும்" என்றேன். பிறகு கொஞ்சம் இறங்கி, "முத்தப் பாத்துட்டே நில்லு. கண்ணு ஒரு எடத்துல இருந்தா ஒடம்பு ஆடாது" என்றேன்.

பத்துப் படத்துக்கான பிலிம் வைத்திருந்தேன். ஜப்பான் லென்ஸுக்கு ஐந்து, ஜெர்மன் லென்ஸுக்கு ஐந்து. ஒவ்வொன்றும் எட்டு வினாடி. "மூச்ச அடக்கு" என்பேன், எண்ணுவேன், "விடு" என்பேன். ஜப்பான் லென்ஸ் வேலைக்கு லகுவாக இருந்தது. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற வாயை முழுக்கத் திறந்துவைத்து வெளிச்சமாகப் பார்த்துக் கூர்மை வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் வாய் தானாகச் சுருங்கிப் படம் விழும். பழைய லென்ஸில் அப்படி இல்லை. கூர்மை வைத்த பிறகு கையால் வளையத்தைத் திருப்பி வாயைச் சுருக்க வேண்டும். திருப்பும்போது துருத்தி ஒரு நூல் நகர்ந்துவிடும். கிட்டக்க எடுக்கும்போது ஒரு நூல் என்பது ஒரு காதம். நகர்ந்ததா இல்லையா என்று கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் வாய் சுருங்கியதும் கண்ணுக்குள் ஒரே இருட்டு.

ஒன்பது படம் முடிந்தது. அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"பிலிம் தீந்துட்டா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்ணு கெடக்கு."

துணியை மெல்லக் கீழே இறக்கிவைத்தாள். போர்த்தியிருந்த வேட்டியைத் தோளில் தளர்த்தி, பட்டின் மடிப்பைச் சரிசெய்தாள். முகத்து வியர்வையை ஒற்றிக்கொண்டாள். நான் கேமராவை விட்டுத் தலையைத் தூக்கி, "ஏன் எறக்குத? பிடி, பிடி" என்றேன்.

அவள் துணியை எடுத்துப் பிடித்தாள்.

ஒன்பதாவது படத்தில் வளையத்தைத் திருப்பும்போது என் கை கொஞ்சம் அழுத்திவிட்டது போல ஒரு சந்தேகம். பழைய லென்ஸின் குற்றம் எது, என் கையின் குற்றம் எது என்று தெரியாமல் அதை ஒதுக்குவது அநியாயம் என்று தோன்றியது. அதனால் பத்தாவதையும் முத்துக்கே கொடுத்தேன். ஒரு லென்ஸுக்கு அவ்வளவு நியாயம் பார்த்திருக்கிறேன்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

"அம்புட்டுதான். நீ வீட்டுக்குப் போ, நான் கழுவிட்டு வாரேன்."

மதியம் நான் வீட்டுக்குப் போனபோது சாதாச் சேலையில் அரிசி வறுத்துக்கொண்டிருந்தாள். பட்டு கொடியில் காற்றாடியது. நெகட்டிவ் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். ஜப்பான் லென்ஸ் பிரமாதம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள்.

பிரமாதம் என்றது பொய்யில்லை. ஜப்பான் லென்ஸில் முத்தின் தோலே தெரிந்தது. விரல் நுனியில் இருக்கிற ரேகை மாதிரி மெல்லிய வரிகள், ஊசி முனையளவு ஒரு குழி. முத்து கையில் இருக்கும்போது எந்த வியாபாரி கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. பழைய லென்ஸில் விழுந்த ஐந்தும் கலங்கல். பத்தாவது படுமோசம். முத்தின் தோல் புகைபோல இருந்தது, ஓரத்தில் ஒரு கறை வேறு. வேட்டி விலகிப் பட்டு தெரிந்திருக்கிறது என்று அப்போதே கண்டுகொண்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை. சிவப்புப் பென்சிலால் உறையில் பெருக்கல் குறி போட்டேன். பழைய லென்ஸ் இப்பணிக்கு உகந்ததல்ல என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஜப்பான் லென்ஸை வாங்கினார்கள். பழையது பிஸ்கட் டின்னுக்குள் போனது.

அப்புறமாவது எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புது லென்ஸ் என் கையிலேயே இருந்தது. அந்த வருஷம் பாரில் சிப்பி நிறைய விளைந்தது, ஆலந்தலைப் பக்கமிருந்தெல்லாம் கூடை கூடையாக வந்தது, எனக்குத் தலை நிமிர நேரமில்லை. இப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள், அது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். கண்ணின் வெள்ளை மஞ்சளானதை முதலில் நான் கவனிக்கவில்லை, அடுத்த வீட்டுக்காரி கவனித்துச் சொன்னாள். சிப்பிக் குஞ்சின் ஓட்டில் ஒரு கோடு பிசகினால் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. கடைசி இரண்டு நாள் அவளுக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போது அது அவள் முகமாக இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து மாலையோடு வந்தார். விவசாயி, அதிகம் பேசாதவர். வீட்டுக் கூடத்தில் விளக்கு மட்டும் எரிவதைப் பார்த்துவிட்டு, "படம் எங்க மாப்ள?" என்றார்.

நான் கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல வகிடுல்ல இருக்கு. வேற இல்லியா?"

"இல்ல மச்சான்."

அவர் சுவரைப் பார்த்தார். நான் எடுத்த பெரிய சிப்பிப் படங்கள் மூன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "படம் எடுக்கவுக வீட்டுல ஒரு படம் இல்லாமப் போச்சே" என்று மட்டும் சொல்லி, மாலையை விளக்குக்குச் சாத்திவிட்டுப் போனார். அன்று கல்யாணப் படத்தைப் புது லென்ஸ் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியம்மாவின் விரல்தான் பெரிதாக வந்தது.

அதற்கப்புறம் அவள் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குரல் இருந்தது, நடை இருந்தது, அரிசி வறுக்கும்போது கரண்டியைத் தட்டுகிற சத்தம் இருந்தது. முகத்தை நினைத்தால் மஞ்சள் கண்ணோடு கிடந்த முகம் வந்து முன்னால் நின்றது. அதற்கு முந்தையதை எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துவிட்டு, காயல்பட்டினத்துக் காக்கா ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வாசலிலேயே "வீட்டுல சொகமா தம்பி?" என்றார். சொன்னேன். மெல்ல அரபியில் ஒரு வாக்கியம் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் லென்ஸைக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, கூடத்து அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அவள் போனபின் அரிசி மாற்றவில்லை. கிழி கறுத்துக் கிடந்தது. லென்ஸின் ஓரத்தில் பூசணம் நூல்விட்டிருந்தது. காக்கா லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல, தொடச்சிக்கலாம். இது எடுத்த படம் ஒண்ணக் காட்டுங்களேன்."

"நல்லா வரல்ல காக்கா" என்று சொல்லிக்கொண்டே பெருக்கல் குறி போட்ட உறையை எடுத்து, நெகட்டிவை விளக்குக் கண்ணாடிமேல் வைத்து, பார்க்கிற லென்ஸையும் கொடுத்தேன். அவர் கண்ணை வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"முத்து கலங்கித்தான் கெடக்கு. ஆனா உள்ள ஆளு தெளிவா நிக்கிதே."

"ஆளா? அது சும்மா நெழலு காக்கா. முத்துல எல்லாம் தெரியும்" என்றேன். தொழில் திமிர் அப்போதும் போகவில்லை.

"நெழலு இல்ல தம்பி. ஜன்னல் பக்கத்துல பொம்பளயாளு. தலையில பூ வச்சிருக்காவ."

அவரிடமிருந்து வாங்கிக் குனிந்து பார்த்தேன். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ். முகம் கறுப்பு, கூந்தல் வெள்ளை, பூ கரிக்கட்டை. ஆனாலும் அது யார் என்று தெரிய எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

எப்படி விழுந்தது என்பதை இப்போது என்னால் விளக்க முடியும். முத்தின் தோல் ஓரிடத்தில் இருக்கிறது. அதில் தெரிகிற பிம்பம் தோலில் இல்லை, அதற்கு ஒரு நெல் தடிமன் உள்ளே இருப்பதாகக் கேமராவின் கண்ணுக்குப் படும். தோலுக்குக் கூர்மை வைத்தால் பிம்பம் கலங்கும், பிம்பத்துக்கு வைத்தால் தோல் கலங்கும். ஜப்பான் லென்ஸ் நான் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை, தோலை எடுத்தது. பழைய லென்ஸ் என் கை பட்டு நகர்ந்து, உள்ளே போய், அவளை எடுத்திருக்கிறது. முந்தின நான்கில் அரைகுறை. பத்தாவதில் சரியாகப் போய் நின்றிருக்கிறது.

காக்கா நான் அழுது முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். போகும்போது லென்ஸை மேசைமேலேயே வைத்துவிட்டு, "அது இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

படத்தில் அவள் முகம் கடுகைவிடச் சின்னது. அதை நெகட்டிவிலிருந்து நெகட்டிவாகப் பெரிதாக்கினால்தான் காகிதத்துக்குக் கொண்டுவர முடியும். முதலில் ஜப்பான் லென்ஸைப் போட்டுப் பார்த்தேன். அது எதையும் மன்னிக்காத லென்ஸ். பிலிமின் புள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுக்கிக் கொடுத்தது. உப்பளத்து அம்பாரம் போல வெறும் பொடிக் குவியல், முகம் இல்லை. பிறகு பழைய லென்ஸைத் துடைத்து மாட்டினேன். அதன் மழுங்கலில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டெவலப்பர் தட்டில் காகிதம் மிதக்கும்போது முதலில் கூந்தல் கறுத்து நடுவில் பூ தெரிந்தது, பிறகு புருவம் வந்தது. சிப்பி வேலைக்குப் பழைய லென்ஸ் உகந்ததல்ல என்று நான் எழுதிய குறிப்பில் இன்றும் ஒரு வரியை மாற்ற மாட்டேன். அந்தக் குறிப்பு சிப்பிக்கு மட்டும்தான்.

முழு முத்தையும் ஒரே படமாகப் போட்டேன். உருண்டையில் விழுந்ததால் அறை வில்லாக வளைந்திருக்கிறது. ஜன்னல் வளைந்து, மேசை வளைந்து, நடுவில் கேமராவுக்குப் பின்னால் நான் குனிந்திருக்கிறேன். என் உச்சந்தலைதான் தெரிகிறது, முகம் இல்லை. இடப்பக்கம் அவள். துணி தாழ்ந்திருக்கிறது, தோளில் வேட்டி விலகிப் பட்டின் கரை தெரிகிறது. தலை குனியவில்லை.

வருஷத் திதிக்கு அவளுடைய அண்ணன் வந்தபோது அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். கிட்டப் போய் நின்றார். மூச்சு கண்ணாடியில் படிந்தது, துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அவதான்" என்றார். பிறகு, "நடுவுல குனிஞ்சிருக்கது யாரு?"

"நான்தான் மச்சான்."

மாலையை இலையில் திரும்ப வைத்துவிட்டார். "உசுரோட இருக்கவுக படத்துக்கு மால போடக் கூடாது. ஒங்கள வெட்டிட்டு அவள மட்டும் எடுங்க."

வெட்டப் பார்த்தேன். அவள் நீட்டிப் பிடித்த கை என் தோளுக்குப் பின்னால் போகிறது. என்னை எடுத்தால் அவள் கையும் போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அந்தத் திதிக்கும் விளக்குக்குத்தான் மாலை.

அதனால் அந்தப் படம் இன்றுவரை மாலையில்லாமல்தான் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள், வீட்டுக்காரம்மா ஊருக்குப் போயிருக்காங்களா என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர், படம் எடுப்பது தெரிந்தே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, இத்தனை அழகாக நிற்கச் சொல்லிக்கொடுத்தது நீங்களா என்று கேட்கிறார்கள். போட்டோவுக்கு நிற்கிற எவரும் கேட்கிற கேள்வியைத்தான் அவள் அன்றைக்குக் கேட்டாள். நான் எங்க பாக்கணும் என்றாள். முத்தைப் பார் என்றேன், முத்தைப் பார்க்கிற கண் படத்தில் நேராகப் பார்க்கிறது. எட்டெட்டு வினாடியாகப் பத்துத் தடவையும், கை நடுங்கியபோதும், கடைசிப் படமும் தனக்கில்லை என்று தெரிந்த பிறகும், நான் சொன்ன இடத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.